ஜப்பான் வட்டியை ஏற்றினால் பினாங்கு சிப் கம்பெனியின் பங்கு ஏன் விழ வேண்டும்?

ஈப்போ மல்லிகை (நவம்பர் 2024)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈப்போவில் தாதியாக வேலை செய்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சில வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கி வருகிறேன். என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி. பினாங்கில் சிப்களைப் பொருத்தி, சோதித்து, ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. பேரைச் சொன்னால் பேச்சு "வாங்கு, விற்காதே" என்று திரும்பிவிடும், அதனால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி திங்கட்கிழமை தோக்கியோவில் நிக்கேய் பங்குக் குறியீடு 4,451 புள்ளி விழுந்தது. அதே நாளில் நம் கோலாலம்பூர் குறியீடும் 4.6 விழுக்காடு இறங்கியது. என் பங்கு அதைவிட மோசம். இந்தக் கம்பெனி ஜப்பானுக்கு ஒன்றும் விற்பதில்லை, யென்னில் கடனும் இல்லை. வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள். பிறகு எதற்கு அடி வாங்கியது? "யென் கேரி டிரேட்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அது பினாங்கு வரைக்கும் எப்படி வருகிறது என்று யாரும் விளக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. செப்டம்பரோடு முடிந்த காலாண்டு அறிக்கை இப்போது வந்திருக்கிறது. விற்பனை கூடியிருக்கிறது, லாபம் சரிந்திருக்கிறது. காரணம் அந்நியச் செலாவணி நட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். ரிங்கிட் வலுவானது நாட்டுக்கு நல்லது என்றுதானே செய்தியில் சொன்னார்கள்?

என் அப்பா 1998 ஆசிய நிதி நெருக்கடியைப் பார்த்தவர். எந்த நாட்டில் என்ன நடந்தாலும் "எல்லாத்தையும் வித்துடு" என்பார். அவரோடு வாதாட எனக்கு விஷயம் தெரியவில்லை. வாங்கலாமா விற்கலாமா என்று கேட்கவில்லை. வெளிநாட்டு நெருக்கடி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று புரிந்தால் போதும்.

கிள்ளான் தரகர்

பங்குத் தரகுத் தொழிலில் இருக்கிறேன். ஆகஸ்ட் 5 பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜப்பானில் வட்டி பல வருடமாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. பெரிய நிதிகள் அங்கே யென்னில் கடன் எடுத்து, டாலராக மாற்றி, அமெரிக்க டெக் பங்குகளில் போட்டு வைத்திருந்தன. இதுதான் யென் கேரி டிரேட். ஜூலை தொடக்கத்தில் ஒரு டாலர் 161 யென் வரை போனது. கணக்குக்கு எளிதாக 160 என்று வைத்துக்கொள்வோம். 160 மில்லியன் யென் கடன் வாங்கினால் கையில் ஒரு மில்லியன் டாலர். ஆகஸ்ட் 5ஆம் தேதி டாலர் 142 யென்னுக்கு வந்துவிட்டது. அதே கடனைத் திருப்பிக் கட்ட இப்போது ஏறக்குறைய 1,127,000 டாலர் வேண்டும். வாங்கிய பங்கு ஒரு காசு கூட இறங்காமலேயே 127,000 டாலர் போய்விட்டது. பங்கும் சேர்ந்து இறங்கினால் கடன் கொடுத்தவர் கூடுதல் பணம் கேட்பார், உடனே.

பங்கும் இறங்கத்தான் செய்தது. ஜூலை 31ஆம் தேதி ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 விழுக்காட்டுக்கு ஏற்றியது. அடுத்த நாள் அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு சிப் கம்பெனியான இன்டெல் சுமார் 15,000 பேரை வேலையிலிருந்து குறைப்பதாகவும் ஈவுத்தொகையை நிறுத்துவதாகவும் அறிவித்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி அதன் பங்கு 26 விழுக்காடு விழுந்தது. அதே வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வேலையின்மை 4.3 விழுக்காடு என்று புள்ளிவிவரம் வந்தது. மூன்றும் சேர்ந்துதான் திங்கட்கிழமை வெடித்தது.

அப்படிப்பட்ட நாளில் எது கெட்ட பங்கு, எது நல்ல பங்கு என்று யாரும் பார்ப்பதில்லை. எதை விற்றால் உடனே காசு வருமோ அதை விற்பார்கள். சிப் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி, கொரியாவின் சாம்சுங் இரண்டும் அன்று 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கின. நம் ஊரில் மார்ஜினில், அதாவது தரகு நிறுவனத்திடம் கடன் எடுத்து, வாங்கியவர்களுக்கும் அதே கதைதான், பணம் கட்டவில்லை என்றால் தரகு நிறுவனமே விற்றுவிடும். மறுநாள் நிக்கேய் 10.2 விழுக்காடு ஏறியது. சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை ஏற்ற மாட்டோம் என்று ஜப்பான் மத்திய வங்கியின் துணை ஆளுநர் ஆகஸ்ட் 7ஆம் தேதி சொன்ன பிறகுதான் பதற்றம் அடங்கியது.

உங்கள் கம்பெனிக்குள் அன்று எதுவும் நடக்கவில்லை. அதன் பங்கை வைத்திருந்த யாரோ சிலருக்கு வேறொரு நாட்டில் அவசரமாகப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பாயான் பாரு கணக்கர்

மல்லிகை மா, தரகர் தம்பி சொன்னது சந்தையின் கதை. அது சில நாளில் வந்து சில நாளில் போகும். நான் தொழிற்சாலைக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க சிப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஓய்வு பெறும் வரை இருந்தவன் நான். தலைமையகம் கலிபோர்னியாவில். விலைப்பட்டியல் எல்லாம் டாலரில் போகும், சம்பளம் ரிங்கிட்டில் போகும். என் அனுபவத்தில் இந்த ஒரு வரிக்குள் பாதிக் கதை இருக்கிறது.

அப்பா சொல்லும் 1998ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் பயத்தைக் குறைத்து எண்ணாதீர்கள், அவர் பார்த்தது நிஜம். 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து பாட் நாணயத்தைக் கைவிட்டது. இரண்டு வாரத்துக்குள் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதை விட்டுவிட்டது. 2.50இல் இருந்த டாலர் 1998 ஜனவரி 7ஆம் தேதி 4.88ஐத் தொட்டது. 1997 பிப்ரவரியில் 1,271 வரை ஏறியிருந்த கோலாலம்பூர் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262.70. மதிப்பில் ஐந்தில் நான்கு பாகம் காணாமல் போனது. அந்த வருடம் நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. கட்டடங்கள் பாதியில் நின்றன. கடன் வாங்கிப் பங்கு வாங்கிய குடும்பங்கள் வீட்டை விற்றன.

ஆனால் அதே 1998இல் எங்கள் தொழிற்சாலையில் ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தது. இதை வெளியில் சொன்னால் அப்போது யாரும் நம்ப மாட்டார்கள். எங்களுக்கு வரும் வருமானம் டாலர். தங்கக் கம்பி, லெட்ஃபிரேம் (சிப்பைத் தாங்கும் உலோகச் சட்டம்) மாதிரியான பொருள்களை டாலரில்தான் வாங்கினோம், அதனால் அதில் மிச்சம் இல்லை. ஆனால் சம்பளம், மின்சாரம், லாரி, கேன்டீன் எல்லாம் ரிங்கிட். கலிபோர்னியாவில் இருந்து பார்த்தால் அந்தச் செலவு சில மாதத்தில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. வேறு இடத்தில் வேலை போனவர்கள் எங்கள் கேட்டில் வந்து மனு கொடுத்தார்கள்.

1998 செப்டம்பர் 1ஆம் தேதி அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்து, மறுநாள் டாலரை 3.80இல் நிறுத்தியது. முதல் சில நாள் எங்கள் பிரிவில் தொலைபேசி ஓயவில்லை. எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று தலைமையகத்தில் எல்லாருக்கும் கேள்வி. கட்டுப்பாடு பிடித்தது பங்குச் சந்தைக்கு வந்துபோகும் பணத்தையும் வெளிநாட்டில் நடந்த ரிங்கிட் வியாபாரத்தையும். ஏற்றுமதி, இறக்குமதிப் பணத்தையும் தொழிற்சாலை போட்டவர்களின் லாபத்தையும் அது தடுக்கவில்லை. பினாங்கில் இருந்த கம்பெனிகள் மூட்டை கட்டாததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே வாரத்தில் சிங்கப்பூரில் கிளாப் சந்தையில் மலேசியப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு நடந்தது வேறு. அவர்கள் பங்குகள் முடங்கின, வெளியே வர ஆண்டுக்கணக்கானது. ஒரே அரசாணைதான், பங்கை வைத்திருந்தவன் சிக்கிக்கொண்டான், தொழிற்சாலை வைத்திருந்தவன் தப்பினான்.

இப்போது 2001க்கு வாருங்கள். அந்த வருடம் ரிங்கிட் அசையவில்லை, 3.80தான். வங்கிகளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. நாட்டின் பொருளாதாரம் சுருங்கக்கூட இல்லை, அரை விழுக்காடு அளவுக்கு வளர்ந்தது. ஆனால் பாயான் லெப்பாஸுக்கு அதுதான் நெருக்கடி. அமெரிக்காவில் இணையக் கம்பெனிகளின் குமிழி உடைந்து, தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கருவி வாங்குவதை நிறுத்தின. உலகம் முழுக்க சிப் விற்பனை 2000இல் 204 பில்லியன் டாலர், 2001இல் 139 பில்லியன். மூன்றில் ஒரு பங்கு ஒரே வருடத்தில் போனது. (1998இல் அந்தச் சரிவு 8 விழுக்காடு சுற்றித்தான்.) வாடிக்கையாளர்கள் அனுப்பும் முன்கணிப்புத் தாளில் ஒவ்வொரு முறையும் எண் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஓவர்டைம் நின்றது, ஷிஃப்ட் குறைந்தது, பிறகு வி.எஸ்.எஸ். பாரம், அதாவது இழப்பீடு வாங்கிக்கொண்டு தானாக வேலையை விட்டு விலகும் திட்டம். பதினெட்டு வயதில் தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி வந்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்த பெண்கள், நாற்பதை நெருங்கும்போது அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்குப் பிரிவில் அந்தக் காசோலைகளைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருவன். சொந்த நாடு விழுந்தபோது போகாத வேலை, வாடிக்கையாளரின் நாடு விழுந்தபோது போனது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி ரஷ்யா ரூபிளை விட்டுக்கொடுத்து, கடனையும் கட்ட முடியாது என்றது. எல்டிசிஎம் என்ற அமெரிக்க நிதி அதில் சாய்ந்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளை கூட்டி வைக்க, 14 வங்கிகள் 3.6 பில்லியன் டாலர் போட்டு அதைத் தாங்கின. பயந்துபோன ஃபெடரல் ரிசர்வ் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று அடுத்தடுத்து மூன்று முறை வட்டியைக் குறைத்தது. அக்டோபர் 8ஆம் தேதி 1,419இல் இருந்த நாஸ்டாக் (டெக் பங்குகள் நிறைந்த அமெரிக்கக் குறியீடு), 2000 மார்ச் 10ஆம் தேதி 5,048. ஆசியாவும் ரஷ்யாவும் விழுந்ததால் குறைந்த வட்டி, அந்த வட்டியில் ஊதிய அமெரிக்க டெக் பங்குகள், அதில் பெருகிய ஆர்டர்கள் எங்கள் தொழிற்சாலைக்கு. வட்டி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், இணையத்தின் மேல் இருந்த ஆசையும் உண்டு. ஆனால் வெளிநாட்டு நெருக்கடி என்றால் டெக் பங்கு விழும் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் விழும். அதற்குப் பிறகு எங்கே போகும் என்பதை மத்திய வங்கிகள் என்ன செய்கின்றன என்பது பெரிய அளவில் தீர்மானிக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சுலபம். இந்த வருடம் ஜூன் கடைசியில் டாலர் 4.72 ரிங்கிட், செப்டம்பர் கடைசியில் 4.12. உங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் 10 மில்லியன் டாலர் தர வேண்டியிருந்தது என்று வையுங்கள். ஜூன் கணக்கில் அது 47.2 மில்லியன் ரிங்கிட், செப்டம்பர் கணக்கில் 41.2 மில்லியன். ஒரு டாலர்கூடக் குறையவில்லை, ஆனால் 6 மில்லியன் ரிங்கிட் நட்டம் என்று எழுதியே ஆக வேண்டும். பெட்ரோலும் மாவும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு வலுவான ரிங்கிட் நல்லது. டாலரில் விற்று ரிங்கிட்டில் சம்பளம் கொடுப்பவனுக்கு அது அடி. 1998இல் எங்களைக் காப்பாற்றியது எதுவோ அதுவே இப்போது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது.

சுவோன் ஆய்வாளர்

கணக்கர் ஐயாவுக்கு வணக்கம். நான் தென் கொரியாவில் மெமரி சிப் ஆய்வில் இருக்கிறேன். நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டாலரில் ஏற்றுமதி செய்தால் நாணயச் சரிவில் தப்பிவிடலாம் என்று மல்லிகை எடுத்துக்கொள்ளக்கூடும்.

1997இல் கொரியக் கம்பெனிகளும் டாலரில்தான் சிப் விற்றன. ஆனாலும் மூச்சுத் திணறின. நாட்டுக்கு வந்த கடனில் பெரும்பகுதி டாலர் கடன், அதிலும் சில மாதத்தில் திருப்பித் தர வேண்டிய குறுகிய காலக் கடன். மெமரி விலை 1996இலேயே சரிந்துவிட்டதால் விற்பனைப் பணமும் முன்போல இல்லை. அந்த நேரத்தில் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. டிசம்பர் 3ஆம் தேதி ஐ.எம்.எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்) உடன் கடன் ஒப்பந்தம் ஆனது. அதே மாதக் கடைசியில் டாலர் 1,960 வொன் வரை போனது, வருடத் தொடக்கத்தில் அது 850 சுற்றி இருந்தது. வொன்னில் பார்க்கும்போது டாலர் கடன் இரண்டு மடங்குக்கு மேல்.

அரசாங்கம் பெரிய குழுமங்களைத் தொழில்களை மாற்றிக்கொள்ளச் சொல்லி நெருக்கியது. 1999இல் எல்ஜி தன் சிப் தொழிலை ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸுக்குக் கொடுத்தது. சேர்ந்த கம்பெனி கடனோடு 2001க்குள் நுழைந்தது, ஹைனிக்ஸ் என்று பேர் மாற்றிக்கொண்டு, கடன் கொடுத்த வங்கிகளின் பிடியில் பல வருடம் இருந்தது. 2012இல் எஸ்கே குழுமம் வாங்கியது. இன்று ஏஐ சிப்களுக்கு மெமரி கொடுப்பதில் முன்னால் நிற்கிற எஸ்கே ஹைனிக்ஸ் அதுதான்.

இதன் மறுபக்கம் அமெரிக்காவில். மெமரி விலை தரைக்கு வந்த அந்தக் காலத்தில், 1998இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மெமரித் தொழிலையே மைக்ரானுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. வொன் சரிந்திருந்தபோது கொரியாவோடு விலையில் மோதுவது யாருக்கும் எளிதாக இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வயதான கொரியர் ஒருவர் 1998 தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். நாட்டின் கடனை அடைக்க மக்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். சேர்ந்தது சுமார் 227 டன் தங்கம்.

ஆகவே மல்லிகை, வருமானம் எந்த நாணயத்தில் என்று பார்க்கிற அதே நேரத்தில் கடன் எந்த நாணயத்தில், எப்போது திருப்பித் தர வேண்டும் என்றும் பாருங்கள்.

ஈப்போ மல்லிகை

மூன்று பேருக்கும் நன்றி. கணக்கர் ஐயா, 2001 பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தை ஒருத்தரும் அப்படி வி.எஸ்.எஸ். வாங்கி வந்தவர் என்று அப்போதுதான் சொன்னார், எனக்கு அது தெரியாது.

ஆய்வாளர் சொன்னதை எங்கே பார்ப்பது? ஆண்டறிக்கை 180 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறப்பது?

பாயான் பாரு கணக்கர்

முன்பாதியில் இருக்கும் படங்களையும் தலைவர் உரையையும் தாண்டிப் போங்கள் மா. கணக்குகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் நிதி இடர் என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். அதில் டாலர் இத்தனை விழுக்காடு அசைந்தால் லாபம் எவ்வளவு மாறும் என்று ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள், கணக்கியல் விதிப்படி போட்டே ஆக வேண்டும். கடன் எப்போது திருப்பித் தர வேண்டும் என்று வருட வாரியாகப் பிரித்த அட்டவணையும் அங்கேயே பக்கத்தில் இருக்கும். கடன் எந்த நாணயத்தில் என்பது வங்கிக் கடன் குறிப்பில். முன்கூட்டியே விலை பேசி டாலரை விற்று வைக்கும் ஒப்பந்தம் உண்டா என்பதையும் தேடுங்கள்.

பிறகு இன்னொரு குறிப்பு, இதைத்தான் நான் முதலில் திறப்பேன். மொத்த விற்பனையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கும் வாடிக்கையாளர் இருந்தால் அந்தத் தொகையைச் சொல்ல வேண்டும். பேர் சொல்ல மாட்டார்கள், "வாடிக்கையாளர் அ" என்று போடுவார்கள்.

ஈப்போ மல்லிகை

பார்த்துவிட்டேன். கடன் எல்லாம் ரிங்கிட்டில்தான், அதுவும் கொஞ்சம். டாலர் ஒப்பந்தம் சிறிய அளவில் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் அ மட்டும் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல். கைத்தொலைபேசிக்குள் போகிற சிப் என்று வேறொரு பக்கத்தில் இருக்கிறது.

பாயான் பாரு கணக்கர்

அப்படியானால் கொரியா 1997 மாதிரி ஆபத்து இந்தக் கம்பெனிக்கு இல்லை. ரிங்கிட் இந்த வாரம் 4.45ஐ ஒட்டித் திரும்பியிருக்கிறது, இதே நிலை டிசம்பர் கடைசி வரை நின்றால் அந்தக் காகித நட்டத்தில் ஒரு பகுதி அடுத்த அறிக்கையில் திரும்பி வரும். ஜப்பானை விடுங்கள்.

இனி ஒவ்வொரு காலாண்டும் கைத்தொலைபேசி விற்கும் பெரிய கம்பெனிகளின் முடிவுகளையும் வாசியுங்கள். விற்பனை எண்ணைவிட, கையிருப்பு எவ்வளவு என்று அவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். அவர்கள் கிடங்கில் சரக்கு தேங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் பினாங்கில் ஓவர்டைம் நிற்கும். அது பங்கு விலையில் தெரிவதற்கு முன்னாலேயே பாயான் லெப்பாஸ் பஸ் நிறுத்தத்தில் தெரிந்துவிடும். அத்தை இன்னும் பினாங்கில் இருந்தால், பழைய தோழிகள் யாராவது லைனில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.